கவரில் எழுதிய கிழமை

ஜனவரி 12

தம்பிக்கு,

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். இன்று நாலு தடவை அடித்துப் பார்த்தேன். டூட்டி நேரத்தில் போனை டிராயரில் வைத்துப் பூட்டுவாய் என்று எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷம் அதே ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில், அதே டிராயரில் என் போனும்தான் கிடந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூடவா பூட்டி வைப்பாய்? அதனால்தான் இந்த மெயில். இது சத்தம் போடாது. தோன்றும்போது திறந்து படி.

வேலையில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. ப்ராடக்ட் மேனேஜர் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள், உனக்கும் சேர்த்தே சொல்கிறேன். இவர்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிறார்கள். டாக்டர் திரையில் மருந்தைப் பதிந்தால் அது நேராகக் கவுண்டருக்கு வந்துவிடும். அந்தத் திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எதை முதலில் கேட்க வேண்டும், எதைக் கேட்கவே வேண்டாம் என்று முடிவு செய்வது என் வேலை. அதைக் கட்டுவது வேறு பிள்ளைகள். இவ்வளவும் பொறுமையாகச் சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டில் போய், "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல மருந்து குடுக்குறா" என்று முடித்துவிட்டாள்.

ஏழாவது மாடி. சுவரெல்லாம் கண்ணாடி, நாற்காலிக்கெல்லாம் சக்கரம். எனக்கு நாற்பத்து மூன்று, சுற்றி இருப்பவர்கள் யாருக்கும் முப்பது தாண்டவில்லை. என் மேலாளர் உட்பட. யார் என்ன சொன்னாலும் அவர் கைதட்டுவார், அதனால் மனதுக்குள் அவருக்குக் கைதட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். மீட்டிங்கில் அவர்கள் பேசுவதில் பாதி புரிவதில்லை. புரியாத வார்த்தையை மேசைக்கடியில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கழிவறையில் போய் அர்த்தம் தேடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன். ஆறு மாதம் சோதனைக் காலம். சரிப்படவில்லை என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நான் எங்கே போவேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பதே பிழைப்பாகிவிட்டது.

ஏன் போனாய் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நீ மட்டும் கேட்கவில்லை.

அக்கா


ஜனவரி 26

அக்காவுக்கு,

படித்தேன். பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா, "அவ மெயில் போட்டாளாமே, படிச்சியா?" என்று தினமும் கேட்கிறாள். அந்தத் தொல்லைக்காக எழுதுகிறேன்.

நான் எதைக் கேட்க? நீ போவது எனக்கு எப்படித் தெரிந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? டிசம்பர் மாத டூட்டி சார்ட்டை ஒட்டினார்கள். அதில் உன் பெயர் இல்லை. தட்டச்சில் விட்டுப்போயிற்று என்று நினைத்து நானே தலைமை மருந்தாளுநரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தினமும் மதியம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவள், அந்த ஒரு மாதமும் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாய். சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன்தான். அதற்காகச் சொல்லாமல் போவதா?

உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. மூன்று பேர் நின்ற கவுண்டரில் இப்போது நானும் தலைமையும். தலைமை பாதி நேரம் மீட்டிங்கில். ஜன்னலுக்கு வெளியே வரிசை வாசல் வரைக்கும் போகிறது.

நேற்று ஒரு பெரியவருக்கு வார மாத்திரை கொடுத்தேன். வழக்கப்படி ஒரு மாதத்துக்கு நாலே நாலை எண்ணிக் காகிதக் கவரில் போட்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, "எந்தக் கிழமை சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். "எந்தக் கிழமை சாப்டா வலி சீக்கிரம் போகும்?" என்றார். உங்கள் சவுகரியம் என்றேன். "அப்ப புதன் போடுங்க. அன்னைக்குத்தான் வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, நிம்மதியா முழுங்கலாம்" என்றார். கவரில் பெரிதாகப் புதன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மஞ்சள் மாத்திரையை வாரம் ஒன்று சாப்பிட்டால் மூட்டுக்கு மருந்து, தினம் ஒன்று சாப்பிட்டால் விஷம். கிழமையை நோயாளியின் வாயிலிருந்தே வரவைக்க வேண்டும் என்று தொடங்கி வைத்தவள் நீதான்.

உன் சிவப்புப் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. வேறு வாங்கி வைத்தேன். உன்னை நினைத்துக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

பேனா வாங்கியதற்கு நன்றி. சார்ட் விஷயத்தில் நீ திட்டியது அத்தனையும் சரி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் அழுகை வரும், ஆபீசில் கண்ணாடிச் சுவர், எல்லோருக்கும் தெரியும்.

ஒரு செய்தி. எங்கள் மென்பொருள் அடுத்த மாதம் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளில் உங்களுடையதும் ஒன்று. மற்ற பதினோரு இடத்திலும் யாரோ திட்டினால் அது எனக்குக் கேட்காது. நீ திட்டினால் கேட்கும்.

கவுண்டர் பக்கம் முழுவதும் என் யோசனை. ஒரு மருந்துச் சீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தபோது, கவரைத் தேடி, பிரித்து, கையால் எழுதுவதற்கே பாதி நேரம் போவது தெரிந்தது. அதனால் கவரையே எடுத்துவிட்டேன். இனி லேபிள் தானாக அச்சாகும், அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் போதும். இதைச் சொன்னபோது என் மேலாளர், அதுதான் அந்தக் கைதட்டி, எழுந்து நின்று கைதட்டினார். அறை முழுக்கக் கைதட்டியது. சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக, இங்கே எனக்கும் ஒரு நாற்காலி உண்டு என்று தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் மருந்தைத் தேர்ந்தெடுத்ததும் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்றேன். சீட்டுக்கு ஒரு தட்டல் கூடுகிறது, டாக்டர்களுக்கு எரிச்சல் வரும் என்றார்கள். பத்தில் ஒன்பது மருந்து தினமும் சாப்பிடுவதுதான், அதனால் 'தினமும்' என்று தானாகவே நிரம்பட்டும், வேண்டியவர் மாற்றிக்கொள்ளட்டும் என்றார்கள். எனக்கு உடனே வார மாத்திரை ஞாபகம் வந்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நான் நினைத்தது உன்னைத்தான். கவுண்டரில் நீ நிற்கிறாய், நீ கேட்காமல் கொடுக்க மாட்டாய். சரி என்று சொல்லிவிட்டேன்.

சரிதானே?

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

பதில் தாமதம். உன் திரை வந்து மூன்று வாரம் ஆகிறது, அதோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது.

முதல் வாரம் ஒவ்வொரு சீட்டையும் சந்தேகத்தோடு பார்த்தேன். டாக்டருக்குப் போன் போட்டு, "இது நீங்க போட்டதுதானா?" என்று கேட்டுக் கேட்டு அவர் என்னை முறைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. எங்கேயாவது தப்பு கண்டுபிடித்து உனக்குப் பெரிய கடிதமாக எழுத வேண்டும் என்று ஆசை. ஒன்றும் அகப்படவில்லை. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மருந்தை வேறு வேறு நிறத்தில் காட்டுகிறது. அலர்ஜி இருந்தால் மேலேயே சொல்கிறது. கவுண்டரில் நின்ற ஒருத்திதான் இதை யோசித்திருக்க முடியும். பக்கத்து வார்டு நர்ஸிடம், "இது எங்கக்கா செஞ்சது" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறிச் சொன்னது, நீ தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

வரிசை இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. தனி ஆளாகச் சமாளிக்கிறேன். கவர் கட்டுகளை மேல் அலமாரியில் தூக்கிப் போட்டாயிற்று. சிவப்புப் பேனாவைத் தலைமை காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அடித்தால் எடுத்தாலும் எடுப்பேன்.

தம்பி


மே 9

அக்கா,

ஒரு தப்பு நடந்துவிட்டது. போனில் சொல்ல என்னால் முடியாது.

இன்று காலை தையற்காரம்மா வந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் கடை வைத்திருக்கிறாரே, உன் வெள்ளைக் கோட்டின் பையை இரண்டு தடவை தைத்துக் கொடுத்தவர். வாய்ப்புண்ணுக்கு ஏதாவது கொடு என்று சைகையில் கேட்டார். எத்தனை நாளாக என்றேன். "மூணு நாளாப்பா. தண்ணி பட்டாலே எரியுது" என்று வாயைத் திறக்காமலே சொன்னார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றதும் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து வைத்தார். ஒன்பது மாத்திரை காலி.

"தினமும் ஒண்ணுன்னு இதுல போட்டிருக்கேப்பா. அதான் மறக்காம சாப்பிட்டேன்."

லேபிளில் அப்படித்தான் இருந்தது. கீழே என் கையெழுத்து. நான் கொடுத்ததுதான், முப்பது மாத்திரை.

கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு அவரைக் கையைப் பிடித்து அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ரத்தத்தில் வெள்ளை அணு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சேர்த்துவிட்டார்கள். விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பிழைப்பாரா என்று கேட்டேன், பார்க்கலாம் என்கிறார் டாக்டர். டாக்டர்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

டாக்டர் மருந்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்று, ஒரு மாதம் என்று போட்டிருக்கிறார். 'தினமும்' தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. ஆனால் நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? வார மாத்திரை, முப்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பு என்று சொல்வேனே. உன் திரை சொல்கிறது என்று கை பாட்டுக்கு ஒட்டிக் கொடுத்துவிட்டது.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி


மே 10

தம்பி,

உன் மெயிலை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

காலையில் முதல் வேலையாக அந்தக் கட்டத்தைக் காலியாக்கச் சொன்னேன். மாலைக்குள் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே வாங்கிப் போனவர்கள்? மற்ற பதினோரு ஆஸ்பத்திரிகளிலும் ஒரு மாதமாக வார மாத்திரை வாங்கியவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றேன். கைதட்டி மேலாளர் சம்மதிக்கவில்லை. அப்படிக் கூப்பிட்டால் தப்பு நம்முடையது என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும், சட்டப் பிரிவு என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றார்.

அப்புறம் மார்ச் மாத மீட்டிங் குறிப்பைத் திறந்து காட்டினார். 'தினமும்' என்பதை ஏற்றுக்கொண்ட அன்று, காரணம் என்ற இடத்தில் நான் எழுதியது அதில் இருக்கிறது: "வார மருந்துகளுக்குக் கவுண்டரில் மருந்தாளுநர் கிழமை கேட்பார்." என் பெயரோடு இருக்கிறது. "நல்ல வேளை, இதை எழுதி வச்சீங்க. கேக்க வேண்டியது அவரோட பொறுப்புன்னு தெளிவா இருக்கு. இதைத்தான் விசாரணைக்கு அனுப்பப் போறோம்" என்றார்.

தம்பி, உன்னை நம்பி எழுதிய வரி அது. அதையே உன் கழுத்துக்குக் கயிறாக்கப் பார்க்கிறார்கள்.

இன்னும் மோசம் ஒன்று இருக்கிறது. நீ ஏன் கேட்கவில்லை என்று உன்னையே குடைந்துகொண்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்துவிட்டது. நாம் கிழமை கேட்டது கவரில் எழுதுவதற்காக. கையில் கவரும் பேனாவும் இருந்ததால்தான் கேள்வி வாயில் வந்தது. எழுத இடமில்லை என்றால் எதற்குக் கேட்கப் போகிறோம்? கவரை எடுத்தவள் நான். நீ கேட்பாய் என்று எழுதி வைத்துவிட்டு, உன்னைக் கேட்கவைத்த சாமானை நானே பிடுங்கிவிட்டேன். அதற்குத்தான் அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

இதை விசாரணையில் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போய்விடும், சோதனைக் காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, பயமாகவும் இருக்கிறது. எனக்கு இரண்டு நாள் கொடு.

அக்கா


மே 12

அக்காவுக்கு,

இரண்டு நாள் எதற்கு? நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்க வேண்டியது என் வேலை, கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்று நாலு வரி. திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லைசென்ஸ் போனாலும் போகட்டும். இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தால் அம்மாவை யார் பார்ப்பது? அதோடு, நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

தினமும் வார்டுக்குப் போகிறேன். உள்ளே விடுவதில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தையற்காரம்மாவின் மகன் எதிர்ப் பெஞ்சில். முதல் நாள் என்னை அடிக்க வந்தான். நேற்று, "சாப்டீங்களா?" என்று கேட்டான். அடித்திருந்தாலே தேவலை.

வெள்ளை அணு இன்னும் ஏறவில்லை. காய்ச்சல் வேறு. அவர் போய்விட்டால் நான் எப்படி இன்னொருவர் கையில் மருந்து கொடுப்பேன்? பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி


மே 14

தம்பிக்கு,

உன் நாலு வரியைத் திருப்பி வாங்கு. நான் ஆறு பக்கம் அனுப்பிவிட்டேன்.

உன் மெயிலைப் படித்தபிறகு எனக்கு இன்னொரு நாள் தேவைப்படவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்து, பதினோரு ஆஸ்பத்திரிக் கவுண்டருக்கும் நானே போன் போட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நானும் கவுண்டரில் நின்றவள்தான், வார மாத்திரை வாங்கியவர்களை இப்போதே கூப்பிடுங்கள் என்றேன். ஒருவர் கூட ஏன் என்று கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பேரையும் பிடித்துவிட்டார்கள். இரண்டு பேர் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மூன்று நாள், இன்னொருவருக்கு ஐந்து. இருவரும் இப்போது டாக்டரிடம். நான் சட்டப் பிரிவுக்காகக் காத்திருந்தால் அவர்களும் தையற்காரம்மா மாதிரி வார்டில் போய்ப் படுத்திருப்பார்கள்.

அதன்பிறகு விசாரணைக் குழுவுக்கு எழுதினேன். 'தினமும்' என்பதற்குச் சம்மதித்தது நான், கவரை எடுத்தது நான், கிழமை கேட்க வேண்டும் என்பதை எந்தக் கவுண்டருக்கும் நாங்கள் சொல்லவே இல்லை, குறிப்பில் எழுதி மூடி வைத்தோம். எல்லாவற்றையும் தேதியோடு கொடுத்துவிட்டேன். கைதட்டிக்கு ஒரு நகல். இந்த முறை அவர் கைதட்டவில்லை. நாளை மேலிடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நீ கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு மதியம், சர்க்கரை மாத்திரை கேட்ட பெண்ணுக்கு நான் இதய மாத்திரை அட்டையை எடுத்து வைத்தேன். நீ ஒன்றும் பேசாமல் அதை எடுத்துவிட்டுச் சரியானதை வைத்தாய். அன்றிலிருந்து என் கையைப் பார்த்தாலே எனக்குப் பயம். திரைக்குக் களைப்பு வராது என்று நினைத்துத்தான் இந்த வேலைக்குப் போனேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

நேற்று திரும்ப வேலைக்குப் போனேன். எழுத்தில் ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். உன் ஆறு பக்கத்தைக் குழுவில் வரி விடாமல் படித்தார்களாம். உன் விஷயத்தில் இன்னும் முடிவு சொல்லவில்லை, சோதனைக் காலத்தை நீட்டி வைத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். பக்கத்து வீட்டில் அவள் இப்போது, "எம்பொண்ணு கம்ப்யூட்டருக்கே மருந்து குடுக்குறா" என்கிறாள்.

புது லேபிள் வந்திருக்கிறது. கிழமை என்ற இடம் காலியாக அச்சாகிறது, கையால்தான் நிரப்ப வேண்டும், நிரப்பி டிக் அடித்தால்தான் அடுத்த சீட்டு திறக்கிறது. இதை யார் செய்தது என்று நர்ஸ் கேட்டாள். இந்த முறை வாய் தவறாமலே சொன்னேன். பேனாவைத் தலைமையின் காதிலிருந்து மீட்டுவிட்டேன்.

பதினோரு மணிக்குத் தையற்காரம்மா வந்தார். பாதியாக இளைத்திருக்கிறார், மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மறுபடி அதே மாத்திரைதான் எழுதியிருக்கிறார்கள், இப்போது பாதி அளவு. தலைமையின் ஜன்னலுக்குப் போயிருக்கலாம். என் ஜன்னலுக்கே வந்து நின்றார். நாலு மாத்திரையை இரண்டு தடவை எண்ணினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "செவ்வாய்" என்றார். எழுதப் போனேன். கையை நீட்டிப் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லிட்டேன்னு விட்றாத. நீ கேளு, அப்புறம் எழுது."

கேட்டேன். எந்தக் கிழமை சாப்பிடுவீர்கள் என்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். அவர் சொன்னார். எழுதினேன்.

அந்த மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது அக்கா. அட்டையை மாற்றி வைத்தபோது உன் முகம் வெளிறியதைப் பார்த்தேன். என்ன ஆயிற்று என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். நீயே சொல்வாய் என்று விட்டுவிட்டேன்.

நாளை ஞாயிறு. பத்து மணிக்கு நானே அடிக்கிறேன். எடு. எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன், நன்றாக இருக்கிறேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே.

தம்பி